ஊர்ப் பெயரும் இணையப் பெயரும்

ஒரு பொருளை மற்றொரு பொருளினின்றும் பிரித்தறிவதற்கு மக்கள் கண்ட முதற் கருவி பெயரே ஆகும். வயலுக்குப் பெயர் உண்டு. வாய்க்காலுக்குப் பெயர் உண்டு. ஊருக்கும் தெருவுக்கும் பெயர் உண்டு. ஒரு பெயர் நிலைபெற்றுவிட்டால் அதனைச் சுற்றி நம்பிக்கையும் வளர்கின்றது. மதுரைக்கு வடமேற்கே வைகையாற்றின் வடகரையில் அமைந்துள்ள சோழவந்தான் என்னும் ஊர் இதற்கு நல்லதொரு சான்றாகும்.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரபாண்டியன், 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்' என்று கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றான். அவனுக்குச் சோழாந்தகன் என்னும் பட்டப்பெயர் இருந்தது. சோழனுக்கு அந்தகன், அஃதாவது கூற்றுவன், என்பது அதன் பொருள். அப்பட்டப்பெயரால் அமைந்த சோழாந்தக சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரே நாளடைவில் மருவிச் சோழவந்தான் ஆயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். ஊர் மக்களோ, சோழ மன்னன் ஒருவன் இவ்விடத்தின் வளத்தைக் கண்டு உள்ளம் உவந்தான் என்றும், 'சோழன் உவந்தான்' என்பதே சோழவந்தான் ஆயிற்று என்றும் கூறுவர். ஒரு விளக்கத்தில் சோழன் அழிகின்றான்; மற்றொன்றில் அவன் மகிழ்கின்றான். சில எழுத்துகள் மாறிய அளவிலே பொருள் எத்துணை மாறிவிடுகின்றது!

சோழவந்தானைச் சூழ்ந்த கொடிக்கால்களில் விளையும் வெற்றிலை புகழ் வாய்ந்தது. 2023 ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. வேறிடத்தில் விளைந்த வெற்றிலையை அப்பெயரால் விற்றல் கூடாது என்பதே அக்குறியீட்டின் கருத்து. இத்தகைய பொருளை விளைவிக்கும் உழவர் சிலர் ஒன்றுகூடித் தம் வெற்றிலையைப் பற்றி வெளியூர் வணிகர்க்கு அறிவிக்க ஓர் இணையதளம் அமைக்க விரும்புகின்றனர் என்று கொள்க. அத்தளத்திற்கு முதற்கண் வேண்டுவது ஒரு பெயர். அதனை ஆள்களப் பெயர் என்பர். 'டொமைன்' என்று பலரும் வழங்குவது இதனையே. ஊர்ப் பெயரைப் போலவே இப்பெயரும் பிறரால் கைப்பற்றப்படாமல் காக்கப்பட வேண்டியதாகும். அதனைக் காக்க வேண்டுமாயின், அது தொழிற்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

இணையத்தில் சேர்ந்துள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. பழைய முறையில் ஒவ்வொரு முகவரியும் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வகையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் அமையும். அவை உலகிற்குப் போதாமையால், மேலும் நீண்ட எண்களையுடைய புதிய முறையும் வழக்கிற்கு வந்துள்ளது. கணிப்பொறிக்கு எண் எளிது. மனிதனுக்கோ பெயரே எளிது. ஆதலின், மனிதன் கூறும் பெயரைக் கணிப்பொறி வேண்டும் எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு ஒன்று தேவையாயிற்று.

தொடக்கக் காலத்தில் இவ்வேற்பாடு மிக எளியதாக இருந்தது. அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில், வலையிற் சேர்ந்த கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதி வைக்கப்பட்டன. எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அப்பட்டியலைப் பேணி வந்தது. புதிய கணிப்பொறியைச் சேர்க்க விரும்புவோர் அந்நிலையத்திற்கு அறிவித்தல் வேண்டும்; ஏனையோர் அப்பட்டியலை அவ்வப்போது படியெடுத்துக் கொள்ளுதல் வேண்டும். கணிப்பொறிகள் சில நூறாக இருந்தவரை இம்முறை இடையூறின்றி நடந்தது. அவை பெருகப் பெருக, ஒரே இடத்தில் ஒரே பட்டியலைப் பேணுதல் இயலாததாயிற்று. பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் 1983 ஆம் ஆண்டில் புதியதொரு முறையை வகுத்து வெளியிட்டார். பட்டியலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் பேணும் பொறுப்பை ஒவ்வொருவரிடம் ஒப்படைப்பதே அம்முறை. இன்றளவும் உலகம் அதனையே கைக்கொண்டு வருகின்றது.

அம்முறையை அஞ்சல் உறையின் மேல் எழுதும் முகவரியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். தெரு, சோழவந்தான், மதுரை மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா என்று முகவரி மேலிருந்து கீழாக எழுதப்படுகின்றது. வெளிநாட்டினின்றும் வரும் கடிதத்தை அஞ்சல் ஊழியர் கீழிருந்தே படிப்பர். முதலில் நாடு; பின்னர் மாநிலம்; அதன் பின்னரே ஊரும் தெருவும். லண்டன் மாநகரின் அஞ்சல் ஊழியர் சோழவந்தானின் தெருக்களை அறிந்திருக்க வேண்டுவதில்லை. கடிதத்தை இந்தியாவிற்கு அனுப்ப அறிந்தால் போதும்.

ஆள்களப் பெயரும் அவ்வாறே கடைசிப் பகுதியிலிருந்து படிக்கப்படுகின்றது. மதுரை மாவட்ட நிருவாகத்தின் தளம் 'மதுரை.நிக்.இன்' என உரோமன் எழுத்துகளில் அமைந்துள்ளது. இதன் இறுதியில் நிற்கும் 'இன்' என்பது இந்தியாவைக் குறிக்கும். இடையிலுள்ள 'நிக்' என்பது தேசியத் தகவலியல் மையத்தைக் குறிக்கும். முதலில் உள்ள 'மதுரை' அம்மையத்தின் கீழ் அமைந்த மாவட்டத்தளத்தின் பெயர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பொறுப்பாளர்க்கும் அவர்க்கு அடுத்த பொறுப்பாளர்க்கும் இடையே நிற்கும் வரப்பு ஆகும்.

ஒருவர் தம் கைப்பேசியில் இப்பெயரை எழுதியவுடன் யாது நிகழ்கின்றது? அவருக்கு இணைய இணைப்பு அளிக்கும் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்று அவர் பொருட்டு விடை தேடப் புறப்படுகின்றது. முதலில் அது வேர் வழங்கிகளுள் ஒன்றை வினவுகின்றது. வேர் வழங்கிகள் 13 பெயர்களால் அறியப்படினும், அவற்றின் படிகள் உலகெங்கும் ஆயிரத்திற்கு மேற்பட்ட இடங்களில் இயங்குகின்றன. வேர் வழங்கிக்கு மதுரை தெரியாது. 'இன்' என்பதற்குப் பொறுப்பானவர் யார் என்பது மட்டும் தெரியும். 'இன்' வழங்கியோ 'நிக்' என்பதன் பொறுப்பாளரைக் காட்டுகின்றது. 'நிக்' வழங்கியே இறுதியில் விடையைத் தருகின்றது. இத்துணை வினாவும் விடையும் பெரும்பாலும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். பெற்ற விடையைத் தேடிய கணிப்பொறி சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே பெயரைக் கேட்பின் மீண்டும் வேர்வரை செல்லாமல் உடனே விடை கூறும்.

இந்தியாவிற்குரிய 'இன்' என்னும் பெயர் 1989 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. நெடுங்காலம் அதன்கீழ்ப் பெயர் பெறுதற்குக் கட்டுப்பாடுகள் மிகுதியாக இருந்தன. 2005 ஆம் ஆண்டில் அவை தளர்த்தப்பட்டன. அது முதல் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம் என்னும் அமைப்பு இப்பதிவேட்டைப் பேணி வருகின்றது. எனினும் பொதுமக்கள் நேரே அதனிடம் செல்வதில்லை. அதன் ஒப்புதல் பெற்ற பதிவாளர்கள் பலர் உள்ளனர். அவர்களிடம் ஆண்டுக்குரிய கட்டணத்தைச் செலுத்தினால், வேண்டிய பெயர் வேறெவரிடமும் இல்லாதிருக்குமாயின், பதிவு செய்துகொள்ளலாம். முந்தியவர்க்கே பெயர் என்பது பொது விதி.

இனி, வெற்றிலை உழவர் தம் தளத்திற்கு ஊர்ப் பெயரைக் கொள்ளத் தொடங்கும்போது எழும் முதல் இடர்ப்பாடு எழுத்தைப் பற்றியதாகும். உரோமன் எழுத்துகள், எண்கள், சிறுகோடு ஆகியவையே வழக்கமான ஆள்களப் பெயரில் இடம் பெறும். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளுக்கு மேற்படலாகாது. சிறுகோடு பெயரின் முதலிலோ இறுதியிலோ நிற்றல் ஆகாது. சோழவந்தான் என்பதை உரோமன் எழுத்தில் எழுதுவது எங்ஙனம்? முதலெழுத்தை எஸ் என்றும், எஸ் எச் என்றும், சி எச் என்றும் மூவகையாக எழுதுவர். ழகரத்தை எல் என்றும் இசட் எச் என்றும் இருவகையாக எழுதுவர். தகரத்தை டி என்றும், டி எச் என்றும், தமிழர் பலர் 'த' என ஒலிக்கும் மற்றோர் இரட்டை எழுத்தாகவும் மூவகையாக எழுதுவர். இவற்றைப் பெருக்கினால் ஓர் ஊர்ப் பெயருக்கே 18 வடிவங்கள் உண்டாகின்றன. கணிப்பொறிக்கு அவை 18 வேறு பெயர்கள். ஒரு வடிவத்தை உழவர் பதிவு செய்தால், மற்றொரு வடிவத்தை முன்பின் அறியாத ஒருவர் பதிவு செய்துகொண்டு, வேறிடத்து வெற்றிலையை விற்க முற்படலாம்.

ஓரெழுத்தால் விளையும் வழக்கு வெறுங் கற்பனையன்று. சென்னையில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே என்னும் நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைக் கோத்துச் 'சிஃபி' என்னும் புதுச்சொல்லைப் படைத்து, 1999 ஆம் ஆண்டில் அச்சொல்லைக் கொண்ட ஆள்களப் பெயர்களைப் பதிவு செய்தது. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் மற்றொரு நிறுவனம் எஃப் என்னும் எழுத்தை இரட்டித்து, அதனோடு ஒத்த ஒலியுடைய பெயர்களைப் பதிவு செய்தது. வழக்கு பெங்களூரு நகர நீதிமன்றத்தில் தொடங்கிக் கருநாடக உயர் நீதிமன்றம் சென்று, இறுதியில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2004 ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் முதல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆள்களப் பெயர் என்பது வெறும் முகவரி அன்று. வணிகக் குறியைப் போல ஒருவரின் நற்பெயரைத் தாங்கி நிற்பது. ஆதலின் அதற்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் காப்பு இருப்பினும், வழக்காடிப் பெறுவதினும் முன்னரே காத்தல் நன்று. அதற்குப் பதிவு செய்யும் நாளிலேயே கருத்தூன்ற வேண்டியவை சில உண்டு. அவற்றுள் தலையாயது, பெயர் யாருடைய பெயரில் பதிவாகின்றது என்பது. உழவர்க்குக் கணிப்பொறிப் பழக்கம் குறைவாக இருக்கலாம். தளத்தை அமைத்துத் தரும் ஒருவர், 'யானே எல்லாவற்றையும் செய்து முடிக்கின்றேன்' என்று கூறித் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுதல் உலகில் அரிய நிகழ்ச்சியன்று. அவரிடம் தீய எண்ணம் இல்லாமலே இருக்கலாம். ஆயினும் அவர் ஊர் மாறிச் சென்றாலும், உறவு கசந்தாலும், மறைந்தாலும், பெயரின் திறவுகோல் அவரோடு சென்றுவிடும். பலரும் கூடி உழைத்துத் தேடிய நற்பெயர் ஒருவர் கையில் சிக்கிக்கொள்ளும். ஆதலின் பதிவு உழவர் சங்கத்தின் பெயரிலேயே அமைதல் வேண்டும். மின்னஞ்சல் முகவரி சங்கத்திற்கு உரியதாக இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்து அறிய வேண்டுவது, இப்பெயர் விலைக்கு வாங்கிய நிலம் போன்றது அன்று என்பதாகும். இது குத்தகை நிலம் போன்றது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை ஒரு முறையில் பதிவு செய்யலாம். தவணை முடியுமுன் கட்டணம் செலுத்தினால் உரிமை தொடரும். செலுத்தத் தவறினால் தளம் மறைந்துவிடும். அதன்பின் சில நாள் வரை மீட்டுக்கொள்ள இடம் உண்டெனினும், மீட்புக் கட்டணம் மிகுதியாக இருக்கும். அந்நாள்களும் கடந்தால் பெயர் பொதுவில் விடப்படும். அதனை வேறெவரும் கொள்ளலாம். தவணை முடிந்த பெயர்களைக் கைப்பற்றுவதற்கென்றே காத்திருப்போர் உலகில் உளர். கொடிக்காலுக்கு நீர் பாய்ச்ச வேண்டிய நாளை மறவாத உழவர், பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாளையும் கணக்கேட்டில் குறித்து வைத்தல் வேண்டும்.

பெயரைப் பதிவு செய்தவுடன் தளம் தோன்றிவிடாது. பெயர் என்பது கதவின்மேல் மாட்டும் பலகை. தளத்தின் பக்கங்கள் தங்கியிருக்கும் கணிப்பொறியே வீடு. பலகையை வீட்டோடு சேர்த்தல் வேண்டும். முதலில், அப்பெயரைப் பற்றி விடை கூறும் பொறுப்பு எந்தப் பெயர் வழங்கிகளுக்கு உரியது என்பதைப் பதிவாளரிடம் குறித்தல் வேண்டும். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று விடை கூறும் பொருட்டு, குறைந்தது இரண்டு வழங்கிகளைக் குறிப்பது வழக்கம். பின்னர் அவ்வழங்கியில் பதிவுகளை எழுத வேண்டும். 'ஏ' என்னும் பதிவு, இப்பெயர் இன்ன எண் முகவரியைக் குறிக்கும் என்று கூறும். 'எம் எக்ஸ்' என்னும் பதிவு, இப்பெயருக்கு வரும் மின்னஞ்சல் எங்குச் சேர வேண்டும் என்று கூறும். ஒவ்வொரு பதிவின் அருகிலும், அவ்விடையை எத்துணை வினாடி நினைவில் வைக்கலாம் என்னும் அளவும் எழுதப்படும். 3600 என்றிருப்பின் ஒரு மணி நேரம். 86400 என்றிருப்பின் ஒரு நாள்.

இவ்வளவைப் புறக்கணித்தால் இடர் நேரும். தளத்தை வேறு கணிப்பொறிக்கு மாற்றியபின், பழைய விடையை நினைவில் வைத்திருப்போர் ஒரு நாள் முழுவதும் பழைய இடத்திற்கே செல்வர். மாற்றுவதற்கு முன்னாளே அவ்வளவைக் குறைத்து வைத்தால் இக்குழப்பம் நேராது. இறுதியாக, தளத்திற்கும் படிப்போர்க்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்காவண்ணம் மறைத்துக் காக்கும் சான்றிதழ் ஒன்றையும் பெறுதல் வேண்டும். இது கட்டணமின்றியும் கிடைக்கின்றது. ஆயினும் இச்சான்றிதழ் வழியைக் காக்குமேயன்றி, வழியின் முடிவில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு உறுதி கூறாது.

இவ்வளவும் செய்தபின்னும் முதலில் எழுந்த எழுத்துச் சிக்கல் தீரவில்லை. உரோமன் எழுத்தில் 18 வடிவம் பெறும் ஊர்ப் பெயருக்குத் தமிழில் ஒரே வடிவம்தான் உண்டு. ஆயின் தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்தாலேயே பதிவு செய்தல் ஆகாதா? இவ்வினாவிற்கு விடை காண உழைத்த இடங்களுள் சிங்கப்பூர் குறிப்பிடத்தக்கது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் அந்நாட்டில், எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நா. கோவிந்தசாமி 1995 ஆம் ஆண்டிலேயே இணையத்தில் தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்தில் தோன்றச் செய்யும் பணியில் ஈடுபட்டார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டான் டின் வீ, பன்மொழி எழுத்துகளில் ஆள்களப் பெயர்களை அமைக்கும் ஆராய்ச்சியை 1998 ஆம் ஆண்டில் நடத்தினார்.

பழைய வழங்கிகள் உரோமன் எழுத்தையன்றிப் பிறவற்றை அறியா. அவற்றையெல்லாம் மாற்றி அமைப்பது எளிதன்று. ஆதலின் அறிஞர் ஓர் உத்தியைக் கண்டனர். தமிழ்ப் பெயர் வழங்கியைச் சேருமுன்னரே உரோமன் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடாக மாற்றப்படும். எக்ஸ், என் என்னும் இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் அதன் முன்னே நின்று, 'இது பிறமொழிப் பெயர்' என்பதை உணர்த்தும். படிப்போர் கண்ணுக்குத் தமிழ். வழங்கிக்கோ பழகிய எழுத்து. இம்முறை 2003 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் 'உதாரணம்.பரிட்சை' என்னும் தமிழ்ப் பெயர் சோதனைக்காக இணையத்தில் இயக்கப்பட்டது. 'பரிட்சை' என அதில் ரிகரம் குறிலாகவே அமைந்திருந்தது. 'பரீட்சை' என நெடிலாக எழுதியோர்க்கு அத்தளம் கிட்டியிராது. சோதனை முடிந்து அப்பெயர் 2013 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே 'இலங்கை' என்னும் தமிழ்ப் பெயர் 2010 ஆம் ஆண்டிலும், 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்னும் தமிழ்ப் பெயர்கள் 2011 ஆம் ஆண்டிலும் இணையத்தின் வேரில் சேர்க்கப்பட்டன. இன்று புள்ளிக்குப் பின் 'இந்தியா' என்று தமிழிலேயே முடியும் பெயரைப் பதிவு செய்தல் கூடும்.

தமிழ் எழுத்திலும் விழிப்பு வேண்டும். 'ஔ' என்னும் ஓரெழுத்தும், 'ஒள' என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணிப்பொறிக்கு வேறு வேறு. 'எ' என்னும் எழுத்தும், ஏழு என்பதைக் குறிக்கும் பழந்தமிழ் எண்ணாகிய '௭' என்பதும் அத்தகையனவே. இவ்வொப்புமையால் ஏமாற்ற முனைவோரைத் தடுக்கப் பதிவகங்கள் எழுத்து விதிகளை வகுத்துள்ளன. மேலும், தமிழில் அமைந்த ஆள்களப் பெயரை ஏற்றுக்கொள்ளாத மின்னஞ்சல் ஏற்பாடுகளும் படிவங்களும் இன்னும் பல உள்ளன. ஆதலின் உழவர் தமிழ்ப் பெயர் ஒன்றையும், உரோமன் எழுத்திற் பெருவழக்காயுள்ள வடிவம் ஒன்றையும் பதிவு செய்து, இரண்டும் ஒரே தளத்திற்கு வழிகாட்டுமாறு அமைத்தல் தக்கது.

ஆள்களப் பெயரைப் பதிவு செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும். அதனைக் காப்பதற்கோ ஆண்டுதோறும் கருத்து வேண்டும். உரியவர் பெயரில் பதிதல், பிழையற எழுதுதல், தவணை தவறாமல் புதுப்பித்தல், திறவுகோலைப் பொதுவில் வைத்துப் போற்றுதல் ஆகிய இந்நான்கும் எளியவையே. எளியவை என்பதனாலேயே மறக்கப்படுகின்றன. பல தலைமுறை உழவரின் உழைப்பால் சோழவந்தான் வெற்றிலை பெற்ற புகழ், ஒரு நாள் மறதியால் பிறர் கைக்குச் செல்லுதல் கூடாது. பெயரைப் பெறுதல் பெருமை. பெற்ற பெயரைப் பேணுதலே கடமை.